கண்ட்ரோலும் ஒரு கூட்டல் குறியும்

கேரளம் முழு டிஜிட்டல் எழுத்தறிவு பெற்ற மாநிலம் என்று முதல்வர் பினராயி விஜயன் 2025 ஆகஸ்ட் 21 அன்று திருவனந்தபுரம் சென்ட்ரல் ஸ்டேடியத்தில் அறிவித்தார். வீடு வீடாகக் கணக்கெடுத்ததில், செல்போனும் கணினியும் கையாளத் தெரியாதவர்கள் என்று ஏறத்தாழ 21.88 லட்சம் பேர் தேறினார்கள். சில நூறு பேரைத் தவிர அத்தனை பேரும் பயிற்சியை முடித்துவிட்டார்கள் என்பது அரசின் கணக்கு. வயது வரம்பு வைக்கவில்லை. நூறைத் தாண்டிய முதியவர்கூட உட்கார்ந்து கற்றுக்கொண்டார். இதற்கெல்லாம் முன்னோட்டம் நடந்த இடம் தலைநகருக்குப் பக்கத்திலேயே, வெஞ்ஞாறமூட்டை ஒட்டிய புல்லம்பாறை ஊராட்சி. நூறு நாள் வேலை நடக்கிற இடத்துக்கே போய், ஓய்வு நேரத்தில் செல்போனைக் கையில் கொடுத்துப் பாடம் நடத்தி, 2022இல் அந்த ஊராட்சி முதல் ஆளாகத் தேர்ச்சி பெற்றது.

இதைக் குறை சொல்ல எனக்கு மனமில்லை. இந்தியாவில் வேறெந்த மாநிலமும் இவ்வளவு பொறுமையாக இந்த வேலையைச் செய்ததாகத் தெரியவில்லை. ஆனால் பள்ளிக்கூடமோ, தட்டச்சு நிலையமோ, அலுவலகப் பயிற்சியோ, நான் பார்த்த கணினி வகுப்பு எல்லாவற்றிலும் ஒரு பாடம் விடுபட்டே போகிறது. கோப்பைச் சேமிப்பது, மின்னஞ்சல் அனுப்புவது, பணம் கட்டுவது, கடவுச்சொல்லை யாரிடமும் சொல்லாமலிருப்பது என்று எல்லாம் வரும். திரையில் இருக்கிற எழுத்து கண்ணுக்குச் சிறியதாக இருந்தால் என்ன செய்வது என்பது மட்டும் வராது. அது கண் டாக்டரின் விஷயம் என்று நாமே முடிவு கட்டிவிட்டோம்.

திருவனந்தபுரத்தின் சாலைக் கடைத்தெருவில் மளிகை மொத்த வியாபாரம் செய்யும் நாகர்கோவில்காரர் ஒருவர் எனக்குப் பழக்கம். எழுபதை நெருங்குகிறவர். மகன் வாங்கிக் கொடுத்த லேப்டாப்பில் வங்கிக் கணக்கைப் பார்த்துக்கொண்டிருந்தார். பார்த்த விதம்தான் விசேஷம். கையில் ஒரு பூதக்கண்ணாடி. அதைத் திரைக்கு முன்னால் பிடித்துக்கொண்டு, வரி வரியாக நகர்த்திக்கொண்டு போனார். திரையில் பூதக்கண்ணாடி வைத்தால் எழுத்து பெரிதாகும். கூடவே அந்த எழுத்தைக் கட்டியிருக்கிற சிவப்பு, பச்சை, நீலப் புள்ளிகளும் பெரிதாகிக் கண்ணைக் கூசும். ‘அண்ணாச்சி, அத கீழ வைங்க. கண்ட்ரோல அமுக்கிப் பிடிச்சுக்கிட்டு, இந்தக் கூட்டல் குறியத் தட்டுங்க’ என்றேன். விரல் பாதி வழியில் நின்றுவிட்டது. ‘கம்ப்யூட்டர் கெட்டுப் போயிராதுல்லா?’

அந்தக் கேள்வியில்தான் விஷயமே இருக்கிறது. மாற்றியதைத் திரும்பப் பழையபடி ஆக்கத் தெரியாதவர் எதையும் மாற்றிப் பார்க்க மாட்டார். அதனால், கற்றுக்கொடுப்பவர் முதலில் கூட்டல் குறியைச் சொல்லித் தரக் கூடாது என்பது என் கட்சி. பூஜ்யத்தைச் சொல்லித் தர வேண்டும். கண்ட்ரோலோடு பூஜ்யத்தைத் தட்டினால், எவ்வளவு பெரிதாக்கியிருந்தாலும், எவ்வளவு சிறிதாக்கியிருந்தாலும், பக்கம் பழைய அளவுக்கு வந்து நிற்கும். இதை இரண்டு தடவை செய்துகாட்டிய பிறகு அண்ணாச்சி தாமாகவே கூட்டலைத் தட்டத் தொடங்கினார். நான்காவது தட்டில் பூதக்கண்ணாடி மேஜை டிராயருக்குள் போனது. ‘தம்பி, இத ஏன் ஒருத்தனும் சொல்லல?’ என்று மட்டும் கேட்டார். மகனுக்கு இந்த விசை தெரிந்திருக்கும். அப்பாவுக்குத் தேவைப்படும் என்றுதான் தோன்றியிருக்காது.

குரோம் உலாவியில் நூறு சதவீதத்திலிருந்து ஒவ்வொரு தட்டுக்கும் 110, 125, 150, 175, 200 என்று ஏறும். அதாவது ஐந்து தட்டில் எழுத்து இரட்டிப்பாகிவிடும். ஃபயர்ஃபாக்ஸில் படிகள் கொஞ்சம் வேறு. ஆறு தட்டு தேவைப்படும். ஒருமுறை பெரிதாக்கிய இணையதளத்துக்கு அடுத்த நாள் போனாலும் அதே அளவில் திறக்கும். உலாவி நினைவில் வைத்துக்கொள்ளும். ஆகவே தினமும் படிக்கிற பத்திரிகைத் தளத்துக்கு ஒரு அளவு, எண்கள் நிறைந்த வங்கித் தளத்துக்கு வேறு அளவு என்று வைத்துக்கொள்ளலாம். ஆப்பிள் கணினி வைத்திருப்பவர்களுக்குக் கண்ட்ரோலுக்குப் பதில் கமாண்ட் விசை.

இது உலாவிக்குள் மட்டும் வேலை செய்யும். உலாவிக்கு வெளியே, டாலி போன்ற கணக்கு மென்பொருளிலோ, அலுவலக மென்பொருளிலோ எழுத்து சிறியதாக இருந்தால் விண்டோஸ் விசையோடு கூட்டல் குறி. திரை முழுவதுமே பெரிதாகும். மவுஸ் போகிற திசையில் திரையும் நகரும் என்பதால் முதல் நாள் கொஞ்சம் தலை சுற்றும். அப்போது கண்ட்ரோல், ஆல்ட், எல் மூன்றையும் சேர்த்து அழுத்தினால், திரை அசையாமல் நின்று, மவுஸ் இருக்கிற இடத்தில் மட்டும் செவ்வகமாக ஒரு பூதக்கண்ணாடி வரும். எல்லுக்குப் பதில் ஐ அழுத்தினால் வெள்ளை கறுப்பாகும், கறுப்பு வெள்ளையாகும். கண்புரை முற்றாத நிலையில், வெள்ளைத் திரையின் வெளிச்சம் கண்ணுக்குள் சிதறிக் கூசுகிறவர்களுக்கு இந்தத் தலைகீழ் நிறம் பெரிய ஆறுதல். எல்லோருக்கும் அது ஒத்துவராது. கருவிழி வளைவுக் கோளாறு உள்ள பலருக்குக் கறுப்பில் வெள்ளை எழுத்து ஓரம் கலங்கித்தான் தெரியும். இருட்டுத் திரைதான் கண்ணுக்கு நல்லது என்று பொத்தாம்பொதுவாக வாட்ஸ்அப்பில் அறிவுரை அனுப்புபவர்கள் இதைக் கவனிக்கலாம். பூதக்கண்ணாடியை மூடுவதற்கு விண்டோஸ் விசையோடு எஸ்கேப்.

எனக்கு மிகப் பிடித்தது எஃப்9. எட்ஜ் உலாவியிலும், விண்டோஸில் ஓடும் ஃபயர்ஃபாக்ஸிலும், கட்டுரைப் பக்கத்தைத் திறந்து எஃப்9 தட்டினால், விளம்பரமும் துள்ளும் பெட்டிகளும் மறைந்து வெறும் எழுத்து மட்டும் நிற்கும். வரி நீளம் குறையும், இடைவெளி கூடும், பின்னணி நிறத்தை மாற்றலாம். எட்ஜில் கண்ட்ரோல், ஷிஃப்ட், யு சேர்த்துத் தட்டினால் பக்கத்தை வாய்விட்டே படிக்கும். தமிழுக்கு மைக்ரோசாஃப்ட் வைத்திருக்கும் பெண்குரலின் பெயர் பல்லவி, ஆண்குரலின் பெயர் வள்ளுவர். வள்ளுவர் சினிமா விமர்சனம் படிப்பதைக் கேட்பது தனி அனுபவம்.

வேர்டு கோப்பில் மட்டும் ஒரு எச்சரிக்கை. அங்கே கண்ட்ரோலை அழுத்திக்கொண்டு மவுஸ் சக்கரத்தை உருட்டினால் பார்வைதான் பெரிதாகும், கோப்பு மாறாது. எழுத்தைத் தேர்ந்தெடுத்துவிட்டுக் கண்ட்ரோலோடு வலது சதுர அடைப்புக்குறியைத் தட்டினால் எழுத்தே ஒரு புள்ளி வளரும். கண்ட்ரோல் 5 தட்டினால் வரி இடைவெளி ஒன்றரையாகும். சொந்தக் கோப்பு என்றால் செய்யலாம். மேலதிகாரி அனுப்பிய கோப்பில் செய்துவிட்டுச் சேமித்தால், இரண்டு பக்கக் கடிதம் மூன்றரைப் பக்கமாகத் திரும்பிப் போகும்.

விசைகளின் பட்டியல் இத்தோடு போதும். இவை இந்த ஊரில் யாருக்குத் தேவை என்பதற்கு வருகிறேன்.

திருவனந்தபுரம் கோப்புகளால் ஆன ஊர். ஸ்டாச்சு சந்திப்பில் தலைமைச் செயலகம், பட்டத்தில் அரசுப் பணியாளர் தேர்வாணையம், நடுவே இயக்குநரகங்கள், கருவூலங்கள், வாரியங்கள். ஒரு காலத்தில் சிவப்பு நாடா கட்டிய கோப்புக் கட்டுகள் மேஜை மேஜையாக நகர்ந்த இடங்களில் இப்போது இ-ஆபீஸ். சம்பளம் ஸ்பார்க் என்ற மென்பொருளில். நகர உள்ளாட்சிச் சேவைகள் 2024 ஜனவரி முதல் கே-ஸ்மார்ட்டில். காலையில் உட்கார்ந்தால் மாலைவரை திரைதான்.

மனிதக் கண்ணுக்கு நாற்பது வயதில் வெள்ளெழுத்து தொடங்கும். கண்ணுக்குள்ளிருக்கும் லென்ஸ் இறுகி, பக்கத்திலிருப்பதைக் குவித்துப் பார்க்கும் திறன் குறைந்துகொண்டே போகும். படித்தவர், படிக்காதவர், ஐஏஎஸ் அதிகாரி, அலுவலக உதவியாளர் யாருக்கும் விலக்கில்லை. கேரள அரசுப் பணியில் பழைய ஓய்வூதியத்தில் இருப்பவர்கள் ஓய்வு பெறும் வயது 56. அப்படியானால் ஒரு குமாஸ்தா தன் பணிக்காலத்தில் 16 வருஷம் வெள்ளெழுத்தோடுதான் திரையைப் பார்க்கிறார். எந்த அலுவலகத்துக்குள் நுழைந்தாலும் இவர்களை அடையாளம் கண்டுபிடித்துவிடலாம். மோவாயைத் தூக்கி, தலையைப் பின்னுக்குச் சாய்த்து, மூக்கில் இறங்கிய கண்ணாடியின் கீழ்ப்பாதி வழியாகத் திரையைப் பார்த்துக்கொண்டிருப்பார்கள். இரட்டைப் பார்வைக் கண்ணாடியின் கீழ்ப்பாதி, மடியில் வைத்துப் படிக்கும் புத்தகத்துக்காகச் செய்தது. கண்ணுக்கு நேரே நிற்கிற திரைக்காகச் செய்ததில்லை. மாலையில் கழுத்து வலி. அதற்குத் தைலம், ஆயுர்வேதக் கிழி, விடுப்பு. மூன்று தட்டு தட்டி எழுத்தை 150 சதவீதம் ஆக்கினால் திரையை ஒரு முழம் தள்ளி வைக்கலாம், தலையும் நேராகும். பணியில் சேரும்போது நடக்கும் பயிற்சியில் நடத்தை விதிகளுக்கு ஒதுக்கும் நேரத்தில் ஐந்து நிமிடம் இதற்குக் கொடுத்தால் போதும்.

இந்திய எழுத்துகளுக்கு இந்தச் சிக்கல் ஆங்கிலத்தைவிடக் கூடுதல். தமிழில் ஒரு புள்ளி காணாமல் போனால் கல் கல ஆகிவிடும். எகரத்தையும் ஏகாரத்தையும் பிரிப்பது ஒரு சின்னக் கோடு. ஒகரத்துக்கும் ஓகாரத்துக்கும் ஒரு சுழி. ஆங்கிலத்தை மனத்தில் வைத்து 12 பிக்சல் என்று அளவு வைத்த தளத்தில் இந்தக் கோடும் சுழியும் தூசி மாதிரிதான் தெரியும். மலையாளத்தில் இன்னும் கஷ்டம். கூட்டெழுத்துகள் ஒன்றின் கீழ் ஒன்றாக அடுக்கி நிற்பவை, உயரம் வேண்டும். கரமனையிலும் சாலையிலும் தலைமுறை தலைமுறையாக வாழும் தமிழர்கள் மலையாளத்தைத் தாய்மொழி போலப் பேசுவார்கள். ஆனால் வீட்டில் தமிழ் மட்டும் படித்து வளர்ந்த பெரியவர்கள் மலையாளப் படிவத்தை எழுத்துக்கூட்டித்தான் வாசிப்பார்கள். அவர்களுக்குப் பொடி எழுத்து இரட்டைத் தண்டனை.

விசைப்பலகைக்கும் எழுத்துக்கும் உள்ள உறவு கேரளத்தில் சுமுகமாக இருந்ததில்லை. 1971இல் அரசு மலையாள எழுத்தைச் சீர்திருத்தியதற்கு முக்கியக் காரணம் தட்டச்சு இயந்திரம். அதன் விசைகளுக்குள் அடங்கவில்லை என்பதற்காகக் கூட்டெழுத்துகளைப் பிரித்தார்கள், உகரக் குறிகளைக் கழற்றித் தனியே வைத்தார்கள். கணினி வந்த பிறகு அந்த நெருக்கடி இல்லை என்று சொல்லி, 1999இல் ‘ரசனா’ இயக்கத்தினர் பழைய எழுத்து வடிவங்களைக் கணினி எழுத்துருவாகவே மீட்டெடுத்தார்கள். திருவனந்தபுரத்தில் கேரள பாஷா இன்ஸ்டிடியூட்டில் பணியாற்றிய ஆர். சித்ரஜகுமாரும் பீச்சி வன ஆராய்ச்சி நிலையத்தில் இருந்த கே.ஹெச். ஹுசைனும் அதில் முன் நின்றவர்கள். பின்னர் சுதந்திர மலையாளம் கம்ப்யூட்டிங் குழு மீரா, சிலங்கா, மஞ்சரி என்று வாசிக்க இதமான எழுத்துருக்களை இலவசமாகக் கொடுத்தது. அதே கைகளிலிருந்து ‘மீரா இனிமை’ என்ற தமிழ் எழுத்துருவும் வந்தது. தமிழில் இணைய இதழ் நடத்துகிறவர்கள் ஒருமுறை போட்டுப் பார்க்கலாம். சின்ன அளவிலும் புள்ளி தெரிகிறது.

இந்த ஊரில் கட்டற்ற மென்பொருளுக்குப் பெரிய சரித்திரம் உண்டு. ரிச்சர்ட் ஸ்டால்மன் வந்து, இந்தியக் கட்டற்ற மென்பொருள் அறக்கட்டளை தொடங்கப்பட்டது 2001 ஜூலை 20 அன்று, இங்கேதான். அரசுப் பள்ளிகளுக்கு லினக்ஸைக் கொண்டுபோன ‘ஐடி அட் ஸ்கூல்’ திட்டம் 2017இல் பூஜப்புரையைத் தலைமையிடமாகக் கொண்ட ‘கைட்’ நிறுவனமாக மாறியது. பள்ளிகளுக்கு அது தரும் இயங்குதளம் உபுண்டுவை அடிப்படையாகக் கொண்டது. உபுண்டுவின் க்னோம் திரையில் ஆல்ட், சூப்பர், 8 சேர்த்து அழுத்தினால் பூதக்கண்ணாடி. 8க்குப் பதில் எஸ் அழுத்தினால் ஓர்க்கா என்ற திரைவாசிப்பான் பேச ஆரம்பிக்கும். சூப்பர் என்பது விண்டோஸ் படம் போட்ட அதே விசைதான். பார்வை இழந்த ஆசிரியர்களுக்கு கைட் இந்த ஓர்க்காவை வைத்தே பயிற்சி நடத்தியிருக்கிறது. முன்பு திரைவாசிப்பான் என்றால் ஜாஸ்; அதன் விலை ஓர் ஆசிரியர் சம்பளத்தில் எட்டாத விலை. ஓர்க்காவும், ஆஸ்திரேலியாவில் பார்வையற்ற இளைஞர் மைக்கேல் கரன் 2006இல் எழுதத் தொடங்கிய என்விடிஏவும் அந்த நிலையை மாற்றின.

பார்வை அறவே இல்லாதவர்களுக்கு விசைப்பலகைதான் எல்லாம். மவுஸ் அவர்களுக்குப் பயன்படாது. அதனால் அவர்கள் இந்தக் குறுக்குவழிகளை விரல் நுனியில் வைத்திருக்கிறார்கள். நடுவில் இருப்பவர்கள்தான் அம்போவென்று விடப்பட்டவர்கள். சர்க்கரை நோயில் விழித்திரை பாதிக்கப்பட்டவர், கண்புரை அறுவைக்கு நாள் குறித்துக் காத்திருப்பவர், வெறும் வெள்ளெழுத்துக்காரர். இவர்களிடம் மாற்றுத்திறனாளிச் சான்றிதழ் இருக்காது. எந்தச் சிறப்புப் பயிற்சிக்கும் அழைப்பு வராது.

அடுத்த குறை இன்னும் பெரியது. அண்ணாச்சிக்கும் அந்தக் குமாஸ்தாவுக்கும் விசையைச் சொல்லிக் கொடுத்தாயிற்று என்று வைத்துக்கொள்வோம். விசை தட்டியதும் பெரிதாவதற்குத் திரையில் இருப்பது எழுத்தாக இருக்க வேண்டுமே! நம் அலுவலகங்கள் வெளியிடுவதில் பெரும் பங்கு எழுத்தே இல்லை, படம். கணினியில் தட்டச்சு செய்து, அச்செடுத்து, கையொப்பமிட்டு, முத்திரை குத்தி, அதை ஸ்கேன் செய்து பிடிஎஃப் ஆக்கி இணையத்தில் ஏற்றுகிறோம். எழுத்தாகப் பிறந்ததைப் படமாக்கிப் பூட்டுகிறோம். பெரிதாக்கினால் ஓரங்கள் கலங்கும். எழுத்து வரிகள் திரை அகலத்துக்கு மடங்கி வராது. ஒவ்வொரு வரிக்கும் பக்கத்தை இடமிருந்து வலமாக இழுத்து, திரும்ப இடப்பக்கம் கொண்டுவந்து, அடுத்த வரியைத் தேட வேண்டும். அடோபி ரீடரில் கண்ட்ரோல் 4 தட்டினால் வரிகள் மடங்கி வரும் வசதி இருக்கிறது. பிடிஎஃப்புக்குள் எழுத்து இருந்தால்தான் அதுவும் நடக்கும்.

யூனிகோடு இல்லாத பழைய எழுத்துருக்களில் அடித்த கோப்புகள் இன்னொரு வகை. கண்ணுக்கு மலையாளமாகவோ தமிழாகவோ தெரியும். உள்ளே இருப்பது ஆங்கில எழுத்துக் குவியல். பெரிதாக்கலாம், ஆனால் எஃப்9 உதவாது, தேடல் உதவாது, வாய்விட்டுப் படிக்கச் சொன்னால் வள்ளுவர் உளறுவார். தமிழ்நாடு அரசு 2010இல் யூனிகோடைத் தரமாக ஏற்று ஆணை போட்ட பிறகும் பாமினியும் வானவில்லும் அலுவலகங்களில் ஓய்வு பெறவில்லை.

இதற்கு நேரெதிரான உதாரணமும் நம்மிடம் உண்டு. 1998 பொங்கலன்று சுவிட்சர்லாந்திலிருந்து கு. கல்யாணசுந்தரம் தொடங்கிய மதுரைத் திட்டம், தமிழ் நூல்களைத் தன்னார்வலர்களைக் கொண்டு தட்டச்சு செய்தே ஏற்றியது. ஒரு பக்கத்தைப் படம்பிடிக்கும் நேரத்தைப்போலப் பல மடங்கு நேரம் ஆகியிருக்கும். ஆனால் அந்த நூல்களை இன்று எந்த அளவுக்கும் பெரிதாக்கலாம், செல்போனில் மடங்கி வரும், குரலாகவும் கேட்கலாம். பாளையத்தில் 1829இல் தொடங்கிய பொது நூலகம் உட்படப் பல நூலகங்கள் அரிய நூல்களைப் படமாகத்தான் காப்பாற்றி வைத்திருக்கின்றன. பழைய அச்சுக்கு வேறு வழி இல்லை என்பது சரி. ஆனால் அந்தப் படத்தையும் எழுத்தாக மாற்றலாம். மலையாளத்துக்காக ‘நயனா’ என்ற எழுத்துணரியைச் செய்ததே இதே ஊரின் சி-டாக் நிறுவனம். நேற்று காலை தட்டச்சு செய்த சுற்றறிக்கையைப் படமாக வெளியிடுவதற்கு மட்டும் என்ன சமாதானம் சொல்ல முடியும்? டிஜிட்டல் கையொப்பத்துக்குச் சட்ட அங்கீகாரம் கிடைத்தது 2000ஆம் ஆண்டில்.

வாக்காளர் பட்டியலைப் பாருங்கள். தேர்தல் ஆணையம் பொதுமக்களுக்குத் தரும் பட்டியல் பிடிஎஃப், அதுவும் படம். ஒரு பக்கத்தில் மூன்று வரிசை, வரிசைக்குப் பத்துப் பெட்டி, மொத்தம் முப்பது பெயர். ஒவ்வொரு பெட்டிக்குள்ளும் பெயர், தகப்பனார் அல்லது கணவர் பெயர், வீட்டு எண், வயது. பெரிதாக்கினால் ஒரு பெட்டிதான் திரையில் நிற்கும். சிறிதாக்கினால் எதுவும் தெரியாது. கண்ட்ரோல் எஃப் தட்டிப் பெயரைத் தேடவும் முடியாது. தேடக்கூடிய எழுத்து வடிவில் வேண்டும் என்று காங்கிரஸ் தலைவர்களில் ஒருவரான கமல்நாத் தொடுத்த வழக்கை உச்ச நீதிமன்றம் 2018 அக்டோபரில் தள்ளுபடி செய்தது. எந்த வடிவில் தருவது என்பது ஆணையத்தின் முடிவு என்றது. மொத்தமாகத் தகவலை அள்ளிப் போய்த் தவறாகப் பயன்படுத்திவிடுவார்கள் என்பது ஆணையத்தின் வாதம். அந்தக் கவலையை நான் ஒதுக்கவில்லை. ஆனால் படத்திலிருந்து எழுத்தை உருவும் மென்பொருள் இன்று எந்தக் கட்சி அலுவலகத்திலும் ஓடும். அள்ள நினைப்பவர் அள்ளிக்கொண்டுதான் இருக்கிறார். மாட்டிக்கொண்டது தன் பெயரைத் தேடும் எழுபது வயதுக்காரர். 2025 நவம்பரில் கேரளம், தமிழ்நாடு உட்படப் பல மாநிலங்களில் சிறப்புத் தீவிரத் திருத்தம் தொடங்கிய பிறகு, பெயர் இருக்கிறதா என்று பார்ப்பது வெறும் ஆர்வமாக இல்லாமல் வாக்குரிமைப் பிரச்சினையாகவே ஆகிவிட்டது. வாக்காளர் அட்டை எண்ணைக் கொடுத்தால் ஒருவர் விவரத்தை மட்டும் காட்டும் தேடல் வசதி ஆணையத் தளத்தில் இருக்கிறது. தெருவாரியாகப் பட்டியலைச் சரிபார்க்க அது உதவாது.

இந்த நிலைக்கு இணையதளம் கட்டுபவர்களும் தங்கள் பங்கைச் செய்கிறார்கள். 1990இல் தொடங்கிய டெக்னோபார்க்கில், கழக்கூட்டத்தின் பளபளப்பான கட்டடங்களில் உட்கார்ந்து தளம் வடிவமைக்கும் பிள்ளைகளுக்கு வயது இருபத்தைந்து. இரண்டு பெரிய திரைகள், பழுதில்லாத கண். வெள்ளைப் பின்னணியில் வெளிர்சாம்பல் எழுத்து அவர்களுக்கு அழகு. உலகளாவிய வலை அணுகல் வழிகாட்டி 2008 டிசம்பரிலேயே, எழுத்துக்கும் பின்னணிக்கும் வெளிச்ச வேறுபாடு குறைந்தது 4.5க்கு 1 இருக்க வேண்டும் என்றும், எழுத்தை 200 சதவீதம் பெரிதாக்கினாலும் எதுவும் மறையக் கூடாது என்றும் சொல்லிவிட்டது. 2018இல் வந்த அடுத்த பதிப்பு 400 சதவீதத்தில்கூடப் பக்கவாட்டில் இழுக்க வைக்கக் கூடாது என்றது. 1280 பிக்சல் அகலத் திரையில் 400 சதவீதம் என்றால் 320 பிக்சல். ஒரு சின்ன செல்போனின் அகலம். செல்போனில் ஒழுங்காகத் தெரியும்படி கட்டிய தளம் இதிலும் பெரும்பாலும் தேறிவிடும். தனியாகச் செலவழிக்க வேண்டியதில்லை.

செல்போனிலேயே சிலர் வேறொரு திருவிளையாடல் செய்கிறார்கள். இரண்டு விரலால் விரித்துப் பெரிதாக்குவதைத் தடுக்க ஒரு வரி நிரல் இருக்கிறது. வடிவமைப்பு கலையக் கூடாது என்று அதைப் போட்டுவிடுவார்கள். இந்த அட்டூழியத்தைப் பொறுக்காமல் ஆப்பிள் 2016 முதல் தன் உலாவியில் அந்தத் தடையை மதிப்பதையே நிறுத்திவிட்டது. ஆண்ட்ராய்டு குரோமில் அமைப்புகளுக்குள் போய், தடையை மீறிப் பெரிதாக்கும் தெரிவை நாமே இயக்கிக்கொள்ள வேண்டும். பழைய காலத்தில் இன்டர்நெட் எக்ஸ்புளோரர் 6 இப்படித்தான், பிக்சலில் அளவு எழுதிய எழுத்தைப் பெரிதாக்கவே மறுக்கும். 2006இல் ஏழாம் பதிப்பு வந்துதான் அந்தக் கதை முடிந்தது. முடிந்த கதையை மறுபடி ஆரம்பிப்பதில் நமக்கு ஒரு சுகம்.

தேர்வு அறையை விட்டுவிடக் கூடாது. கணினிவழிப் போட்டித் தேர்வுகள் பலவற்றில் விசைப்பலகையைத் தொடவே கூடாது என்பது விதி. தொட்டால் திரை பூட்டிக்கொள்ளும். காப்பியடிப்பதைத் தடுக்க அது அவசியம், ஒப்புக்கொள்கிறேன். அப்படியானால் திரையிலேயே எழுத்தைப் பெரிதாக்கும் பொத்தான் எல்லாத் தேர்வுக்கும், எல்லோருக்கும் இருக்க வேண்டும். கண்ணாடி போட்ட இருபது வயதுப் பெண் கணக்கில் தவறியது கணக்கு தெரியாமலா, மூன்றை எட்டாகப் படித்ததாலா என்று மதிப்பெண் பட்டியல் சொல்லாது.

சட்டத்தில் குறையில்லை. மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 2016, தகவல் தொழில்நுட்பம் எல்லோருக்கும் எட்டும்படி இருக்க வேண்டும் என்கிறது. அரசுத் தளங்களுக்கான மத்திய அரசின் வழிகாட்டி 2009இல் வந்து, 2023இல் மூன்றாம் பதிப்பும் கண்டுவிட்டது. ராஜீவ் ரத்தூரி வழக்கில் 2024 நவம்பர் 8 அன்று உச்ச நீதிமன்றம், இந்த விதிகளை வெறும் பரிந்துரையாக விட்டுவைத்தது சட்டத்துக்கே முரண் என்று சொல்லி, மூன்று மாதத்துக்குள் கட்டாய விதிகள் வகுக்கக் கெடு வைத்தது. 2025 ஏப்ரல் 30 அன்று பிரக்யா பிரசூன் வழக்கில், டிஜிட்டல் சேவைகளை அணுகுவது அரசியல் சாசனத்தின் 21ஆம் பிரிவு தரும் வாழ்வுரிமையின் பகுதி என்றே தீர்ப்பளித்து, இருபது உத்தரவுகள் போட்டது. அந்த வழக்கின் பின்னணியில் இருந்தவர்கள், வங்கியின் இணையச் சரிபார்ப்பில் கேமரா முன்னால் கண் சிமிட்ட முடியாத, அமில வீச்சுக்கு ஆளானவர்கள். கூடவே வழக்குத் தொடுத்த வழக்கறிஞர் அமர் ஜெயின் பார்வையற்றவர்.

ஆகவே கேரளத்திடம் புதிய சட்டம் கேட்கவில்லை. புல்லம்பாறையில் வீடு வீடாகப் போன அதே தன்னார்வலர்கள் இன்னொரு சுற்று போகட்டும். செல்போனில் அமைப்புகளுக்குள் எழுத்தளவு எங்கே இருக்கிறது, கணினியில் பூஜ்யமும் கூட்டலும் எங்கே இருக்கின்றன என்று மட்டும் காட்டட்டும். அரசின் இணையச் சேவைகளைத் தரும் அட்சயா மையங்களில் வாடிக்கையாளர் பக்கம் திருப்பி வைத்திருக்கும் திரையை முதியவர் உட்கார்ந்ததும் 150 சதவீதம் ஆக்குவதை வழக்கமாக்கட்டும். அரசுத் தளம் கட்டும் ஒப்பந்தத்தில் ஒரு நிபந்தனை சேர்க்கட்டும்: தளத்தை ஒப்புக்கொள்வதற்கு முன், ஓய்வை நெருங்கிய ஓர் ஊழியரை உட்கார வைத்து, மவுஸை எடுத்துவிட்டு, ஐந்து தட்டு பெரிதாக்கி ஒரு படிவத்தை முதலிலிருந்து கடைசிவரை நிரப்பச் சொல்ல வேண்டும். ‘சமர்ப்பி’ பொத்தான் திரையை விட்டுக் காணாமல் போனால் ஒப்பந்தக்காரரின் கடைசித் தவணையை நிறுத்தி வைக்கலாம்.